பழைய ஃபோர் வீல் பிக்கப்புக்கு மாற்று டிரான்ஸ்ஃபர் கேஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கியர் பெட்டியிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். சென்னைப் புதுப்பேட்டையின் கழட்டுச் சாமான் கடைகளில் நுழைந்து "கெட்அவே ஃபோர் வீல் பெட்டி இருக்கா?" என்று மஹிந்திரா பிக்கப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால், கொஞ்ச நேரத்தில் ஒன்றை இழுத்து வந்து காலடியில் போட்டுவிடுவார்கள். பார்க்க உங்கள் பெட்டி போலவே இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து ஏற்றும்போதுதான் ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் கோத்துக்கொள்ளும் நீளப் பற்களில்) பல் எண்ணிக்கை வேறு என்று தெரியும். அல்லது ஃபோர் வீலை மாற்றும் மோட்டாரின் சாக்கெட் பொருந்தாது. அல்லது முன் ஷாஃப்ட் போகும் பக்கமே மாறியிருக்கும். ஒரே பெயரில் விற்ற வண்டியிலும் இடையில் இன்ஜினும் கியர் பெட்டியும் மாறியிருக்கலாம். கியர் பெட்டி மாறினால், அதன் முதுகில் உட்காரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பெரும்பாலும் மாறும். அதனால் வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் பெட்டியை இறக்கி, அளந்து, பல்லை எண்ணி, அந்தக் கணக்கோடு கடைக்குப் போங்கள். முடிந்தால் பழைய பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

முதலில், கெட்டது பெட்டிதானா?

கழற்றுவதற்கு முன்னால் இதை உறுதி செய்தே ஆக வேண்டும். ஃபோர் வீல் விழவில்லை என்றாலோ அடியில் சத்தம் வருகிறது என்றாலோ உடனே பெட்டியை மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஆனால் கோளாறு பல நேரம் வெளியில்தான் இருக்கும். முன் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் பாகம்) லாக் ஆகாமல் இருக்கலாம், வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கலாம், லீவர் லிங்கேஜின் புஷ் தேய்ந்திருக்கலாம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் ஆடலாம், மவுண்ட் ரப்பர் கிழிந்து பெட்டியே சாய்ந்திருக்கலாம். ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி ஆட்டிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது சத்தம். வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போட்டு, கியர் பெட்டியில் ஒரு கியர் போட்டுக் கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, பெட்டியின் உள்வரும் பக்கம் மட்டும் சுற்றும். அப்போதே சத்தம் வந்தால் கோளாறு முன்பக்க பேரிங்கில் இருக்கிறது, இல்லையென்றால் கியர் பெட்டியில். அந்தச் சோதனையில் அமைதியாக இருந்து, டூ வீலில் ஓடும்போது மட்டும் வேகத்தோடு சத்தம் ஏறினால் பின் அவுட்புட் பேரிங்கைச் சந்தேகப்படலாம். முன் ஹப்பை லாக் செய்தால் மட்டும் வரும் சத்தம் முன் அவுட்புட், செயின் அல்லது முன் ஷாஃப்டிலிருந்து வருவது. செயின் வகைப் பெட்டி லோவில் (இழுவை கூடிய மெதுவான நிலையில்) பளு ஏறும்போது 'டக் டக்' என்று துள்ளினால், செயின் நீண்டு பல் தாண்டுகிறது என்று பொருள். லோவில் போட்ட லீவர் தானே நழுவி வந்தால் கியரைத் தள்ளும் ஃபோர்க்கின் பேட், நிலையைப் பிடித்து வைக்கும் டிடென்ட் ஸ்பிரிங், கியரைப் பூட்டும் டாக் பற்கள் ஆகிய மூன்றில் ஒன்று தேய்ந்திருக்கும்.

ஆயிலை இறக்கிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சாம்பல் பசை எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விரலில் தட்டுப்படும் துண்டுகள் வந்தால் விஷயம் பெரிது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னை வண்டிக்கு இது சாதாரணம். முழங்கால் தண்ணீரில் சூடான பெட்டி திடீரென்று குளிரும்போது, உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டு பிரீதர் (பெட்டியின் காற்றுக் குழாய்) வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் ஏறும்.

டயரையும் பார்த்துவிடுங்கள். பின்னால் புது டயரும் முன்னால் தேய்ந்ததுமாக இருந்தால், ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். லீவர் வெளியே வர மறுக்கும். அந்த இறுக்கத்தைப் பெட்டிக் கோளாறு என்று நினைத்து நல்ல பெட்டியைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

எந்தக் குடும்பம்?

நம் ஊரில் ஓடும் பழைய ஃபோர் வீல் வண்டிகளின் பெட்டிகளை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஜீப் வழிவந்தவை ஒன்று. வில்லிஸ் காலத்து ஸ்பைசர் 18 பெட்டியும் அதன் வழியில் வந்தவையும் இதில் சேரும். வார்ப்பிரும்பு உடல், முழுக்கப் பல் சக்கரம், செயின் கிடையாது. லோ விகிதம் பெரும்பாலும் 2.46, அதாவது இன்புட் 2.46 சுற்று சுற்றினால் அவுட்புட் ஒரு சுற்று. ஹையில் (சாதாரண ஓட்ட நிலையில்) ஓடும்போதும் விசை நடுப் பல் சக்கரம் வழியாகத்தான் போகும் என்பதால் நல்ல நிலையில் இருந்தாலும் கொஞ்சம் முனகும்; அதற்காகப் பெட்டியை மாற்ற வேண்டாம். பின் ஷாஃப்ட் வண்டியின் நடுவில் போகாமல் வலது பக்கமாக ஒதுங்கிப் போகும். இதே கால வரிசையில் பின்னால் வந்த ஸ்பைசர் 20-இல் பின் ஷாஃப்ட் நடுவில் வரும், லோ 2.03. பின் ஆக்ஸில் ஒதுங்கியதா நடுவா என்று பார்க்காமல் இவற்றை மாற்றிப் போட முடியாது.

இரண்டாவது ஜிப்சி குடும்பம். சுசுகியின் எஸ்ஜே வழியில் வந்த இந்த வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பெட்டியோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அதற்குப் பின்னால் ரப்பர் மவுண்டில் தனியாகத் தொங்கும் பெட்டி. பொருத்துவதற்கு இதைவிட எளிதான பெட்டி கிடையாது. ஏமாறுவதற்கும் அதே அளவு எளிது. காரணம் விகிதம், கீழே வருகிறது.

மூன்றாவது செயின் குடும்பம். ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஜெனான் போன்ற, டாஷ்போர்டு சுவிட்சில் ஃபோர் வீல் போடும் பிக்கப்புகள் இதில் வரும். அலுமினிய உடல், உள்ளே லோவுக்குப் பிளானட்டரி கியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் சிறு பல் சக்கரங்கள்), முன் அவுட்புட்டுக்குச் செயின், சிலவற்றில் ஆயில் பம்ப். போர்க்வார்னர் வடிவமைப்புகளில் லோ 2.48 என்பது அடிக்கடி வரும் விகிதம். புனேயில் உள்ள டிவ்ஜி டார்க்டிரான்ஸ்ஃபர், முன்பு டிவ்ஜி வார்னர் என்ற பெயரில் இருந்தது, இந்திய வண்டிகளுக்கு இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்யும் நிறுவனம். பெட்டியில் அந்தப் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின் பெட்டிகளிலேயே வண்டிக்கு ஒரு உருவம் உண்டு.

கழற்றிய பெட்டியில் அளக்க வேண்டியவை

முதல் வேலையாக டேக்கைத் தேடுங்கள். செயின் வகையில் பின்மூடியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் தகடோ, ஒட்டிய வட்டத் தகடோ இருக்கும். மாடல் எண் அதில் இருக்கும். சிலவற்றில் விகிதமும் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டீசலில் நனைத்த துணியால் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் அந்தத் தகடு எப்போதோ காணாமல் போயிருக்கும், அதனால் கீழே உள்ள அளவுகள் எப்படியும் தேவை.

இன்புட் ஸ்ப்லைன்: கியர் பெட்டியின் ஷாஃப்ட் போய்ச் சேரும் இடம். ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணுங்கள், இரண்டு தரம் எண்ணுங்கள். வெர்னியரால் வெளி விட்டம் எடுங்கள். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்து விட்டம் வேறாக இருப்பதும் உண்டு. அடுத்து ஆழம்: முகப்பிலிருந்து ஸ்ப்லைன் தொடங்கும் இடம் வரை எவ்வளவு, ஸ்ப்லைன் நீளம் எவ்வளவு என்று குறியுங்கள். இன்புட் நீளமாக இருந்தால் முகப்பு உட்காராமல் இடைவெளி தெரியும். அதைப் போல்ட் போட்டு இறுக்கி மூடப் பார்த்தால் கியர் பெட்டி பேரிங்கோ அலுமினிய உடலோ போய்விடும். குட்டையாக இருந்தால் கொஞ்சமே பிடித்து, சில மாதங்களில் ஸ்ப்லைனை வழித்துவிடும். இந்த இரண்டாவது வகை ஆபத்தானது, ஏனென்றால் பொருத்தும்போது எந்தத் தடையும் தெரியாது.

முகப்பு போல்ட் வட்டம்: எத்தனை போல்ட், எதிரெதிர்ப் போல்ட்டுகளின் தூரம், நடுவில் உட்காரும் வளையத்தின் விட்டம். ஒரு அட்டையை முகப்பில் வைத்து, விளிம்பில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஓட்டைகளின் அச்சு அப்படியே விழும். அந்த அட்டையில் மேல்பக்கம் எது என்று எழுதுங்கள். அதே போல்ட் வட்டம் கொஞ்சம் திரும்பியிருந்தால் பெட்டி சாய்ந்து உட்காரும். அப்போது முன் ஷாஃப்டின் கோணம், லீவர் இடம், ஆயில் மட்டம் மூன்றும் மாறிவிடும். ஸ்பைசர் 18 குடும்பத்தில் முகப்பு ஓட்டை சுமார் 80 மி.மீ., சுமார் 102 மி.மீ. என்று இரண்டு அளவில் வந்திருக்கிறது. நடு ஷாஃப்ட் 19, 28.6, 31.75 மி.மீ. என்று மூன்று அளவு. கிடைத்தால் தடித்த ஷாஃப்ட் உள்ளதையே தேடுங்கள். இந்தப் பெட்டியில் முதலில் தேய்வது நடு ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்கும்தான்.

முன் அவுட்புட் எந்தப் பக்கம்: வண்டிக்கு அடியில் பார்த்து, முன் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் டிரைவர் பக்கமா எதிர்ப்பக்கமா என்று எழுதுங்கள். பெட்டியின் முன் அவுட்புட்டும் அதே பக்கம் இருக்க வேண்டும். இறக்குமதி பிக்கப்புகளின் கழட்டுப் பெட்டி கிடைத்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பின் அவுட்புட்: ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு உள்ள ஃப்ளேஞ்ச் வகையா, ஷாஃப்டே உள்ளே வழுக்கிப் போகும் ஸ்லிப் வகையா? ஃப்ளேஞ்ச் என்றால் ஓட்டை எண்ணிக்கை, வட்டம், நடு வளையம். பெட்டியின் மொத்த நீளத்தையும், முகப்பிலிருந்து பின் ஃப்ளேஞ்ச் வரை, எடுங்கள். புதுப் பெட்டி 30 மி.மீ. கூடுதல் நீளம் என்றால் பின் ஷாஃப்டை அந்த அளவு குறைத்து வெல்டு வைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறைகள் உண்டு. பேலன்ஸ் மெஷின் இல்லாத இடத்தில் வெட்டி ஒட்டாதீர்கள். அதிரும் ஷாஃப்ட் புதுப் பெட்டியின் பின் பேரிங்கைத்தான் முதலில் சாப்பிடும்.

ஸ்பீடோமீட்டர்: கேபிளா சென்சாரா, எந்தப் பக்கம், சின்ன பிளாஸ்டிக் கியரில் எத்தனை பல். வாங்கும் பெட்டியில் பல் வேறாக இருந்தால் உங்கள் பழைய கியரைப் போட்டுப் பாருங்கள். உள்ளே ஷாஃப்டில் இருக்கும் கியரும் அதற்கு ஜோடி என்பதால் பொருந்தாமலும் போகலாம்.

ஹேண்ட் பிரேக்: பழைய ஜீப் வகையில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கும். வாங்கும் பெட்டியில் அதற்கான பேக் பிளேட், போல்ட் இடங்கள் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது. எந்த வண்டியிலும் டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தியும் பயனில்லை, வண்டி உருளும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது.

விகிதக் கணக்கு

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். லோவில் போட்டு, இன்புட்டிலும் பின் அவுட்புட்டிலும் சாக்பீஸ் கோடு இழுங்கள். அவுட்புட் சரியாக 10 சுற்று சுற்றும்வரை இன்புட்டைத் திருப்பி எண்ணுங்கள். ஏறக்குறைய 24.8 சுற்று வந்தால் விகிதம் 2.48. அதேபோல் ஹையிலும் எண்ணுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஹை 10-க்கு 10.

ஜிப்சி குடும்பத்தில் அப்படி இல்லை, தவறு நடப்பதும் இங்கேதான். எஸ்ஜே410 வகைப் பெட்டியில் ஹை 1.58, லோ 2.51. எஸ்ஜே413 வகையில் ஹை 1.409, லோ 2.268. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. 413 வகை இருந்த இடத்தில் 410 வகையைப் போட்டால், அதே வேகத்துக்கு இன்ஜின் 12 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். மலை ஏற, மணலில் இழுக்க அது நல்லது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் கூடுதல். தெரிந்து தேர்ந்தெடுத்தால் சரி. தெரியாமல் வந்து சேர்ந்தால், இழுவை மாறியதற்குக் காரணம் தேடி கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கடையிலேயே 10 சுற்று எண்ணிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை: ஹையில் 14-க்குப் பக்கமா, 16-க்குப் பக்கமா என்பதிலேயே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

லோ விகிதம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும்: முதல் கியர் × டிரான்ஸ்ஃபர் லோ × ஆக்ஸில். முதல் கியர் 4.0, ஆக்ஸில் 4.1 என்று வைத்துக்கொண்டால், 2.48 பெட்டி 40.7 தரும், 2.03 பெட்டி 33.3 தரும். டீசல் வண்டியில், படகு இழுக்கவும் செம்மண் பாதையில் பாரம் ஏற்றவும் 33-ஏ வேலைக்கு ஆகும். ஓடைக்கல், செங்குத்துச் சரிவு என்றால் 40-க்கு மேல் இருப்பது கிளட்சைக் காப்பாற்றும். வெறும் லோவுக்காக வேறு குடும்பத்துப் பெட்டியை அடாப்டர் வைத்து ஏற்றும் வேலையை, அன்றாடம் பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். அடாப்டர், ஷாஃப்ட், மவுண்ட், லீவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே தனியாகச் செய்ய வேண்டிவரும். அடுத்த முறை ஏதாவது உடைந்தால் எந்தக் கடையிலும் அந்தப் பாகம் இருக்காது.

ஆக்ஸில் விகிதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள், குறிப்பாகப் பல கை மாறிய வண்டியில். லிமிடெட் ஸ்லிப், லாக்கர் எதுவும் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் இப்படிச் செய்யலாம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதிதான் சுற்றும். ஷாஃப்ட் 41 சுற்று சுற்றினால் ஆக்ஸில் 4.1. ஹப்பை லாக் செய்து முன்னாலும் இதையே செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். யாரோ பின் ஆக்ஸிலின் பல் சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மட்டும் மாற்றியிருந்தால், ஃபோர் வீல் போடும் ஒவ்வொரு தடவையும் பெட்டி முறுக்கப்படும். உங்கள் பழைய பெட்டி செத்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்தப் பெட்டியை வாங்கிப் போட்டாலும் இதே கதிதான்.

சுவிட்ச் வகைக்கு மட்டும்

கெட்அவே, ஜெனான் மாதிரி வண்டியில் "ஃபோர் வீல் விழவில்லை" என்றால் பெட்டியை விட்டுவிட்டு முதலில் ஷிஃப்ட் மோட்டாரைக் கழற்றுங்கள். சில போல்ட்டுகள்தான். உள்ளே தெரியும் ஷிஃப்ட் ஷாஃப்டை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். வண்டியைச் சற்று முன்பின் தள்ளிக்கொண்டே திருப்பினால் 2 ஹை, 4 ஹை, 4 லோ ஒவ்வொன்றாக விழும். கையால் திருப்பி எல்லாம் விழுந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. கெட்டது மோட்டார், வயரிங் அல்லது கன்ட்ரோல் யூனிட். மழைத் தண்ணீரிலும் உப்புக் காற்றிலும் மோட்டாரும் சாக்கெட் பின்னும் துருப்பிடிப்பது இங்கே அடிக்கடி நடப்பது. பச்சை பிடித்த பின்னைச் சுத்தம் செய்ததிலேயே சரியான வண்டிகள் நிறைய.

பெட்டியே மாற்ற வேண்டும் என்றால் மோட்டாரோடு சேர்த்துக் கேளுங்கள். சாக்கெட்டின் பின் எண்ணிக்கை, வயர் நிறம், மோட்டார் பிடிக்கும் ஷாஃப்ட் முனையின் வடிவம் ஆகிய மூன்றும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். மோட்டார் தன் நிலையைக் கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும் முறை மாடலுக்கு மாடல் மாறும். பொருந்தாததை மாட்டினால் சுவிட்ச் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே ஃபோர் வீல் போடும் வகைகள் சிலவற்றில் உள்ளே ஒரு மின்காந்தக் கிளட்ச் இருக்கும். நின்றிருக்கும் முன் ஷாஃப்டைச் சுழலவைத்து வேகத்தைச் சமப்படுத்துவது அதன் வேலை. அதற்கான தனி வயர் அறுபடாமல் இருக்கிறதா, மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை.

கடையில் நின்று பார்ப்பது

கழுவாத பெட்டியைக் கேளுங்கள். புதிதாக வெள்ளி பெயின்ட் அடித்து மினுக்கிய பெட்டியைவிட, ஆயில் கசடும் மண்ணும் ஒட்டிய பெட்டி எவ்வளவோ மேல். எங்கே கசிந்தது, எந்த மூடி திறக்கப்பட்டது எல்லாம் அதில் தெரியும். போல்ட் தலைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி பழசாக இருந்தால் பெட்டி திறக்கப்படவில்லை. முனை மழுங்கி, இணைப்பில் சிவப்போ நீலமோ சிலிகான் வழிந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

டிரெய்ன் பிளக்கைத் திறக்கச் சொல்லி, வரும் ஆயிலை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். ஆயிலே இல்லாத பெட்டி என்றால் ஃபில்லர் ஓட்டையில் விரலை விட்டுத் துழாவுங்கள். துருவின் செம்பொடி வந்தால் வைத்துவிட்டு நகருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியின் பெட்டி சந்தைக்கு வந்திருந்தால் வெளியே சுத்தமாகத்தான் இருக்கும். உள்ளே பேரிங் குண்டுகள் தண்ணீர் நின்ற மட்டத்தில் துருப்புள்ளி விழுந்திருக்கும்.

பின் ஃப்ளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், உள்ளும் வெளியும் இழுங்கள். மேல் கீழ் ஆட்டம் கையில் தெரிந்தாலே பேரிங் முடிந்தது. உள் வெளி ஆட்டம் ஸ்பைசர் 18 வகையில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம், அதைக் கையால் உணர முடியாது, டயல் கேஜ்தான் சொல்லும். ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யக்கூடியது என்பதால் இது பெரிய குறை இல்லை. அடுத்து எல்லா நிலையிலும் லீவரைப் போட்டு, ஒவ்வொன்றிலும் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் தடங்கல், இரண்டும் கூடாது. ஸ்பைசர் 18-இல் முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் லோ விழாது. அது உள்ளே இருக்கும் இன்டர்லாக், கோளாறு இல்லை. கோளாறு என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தால் கடைக்காரர் சிரிப்பார்.

செயின் வகையில் 4 ஹையில் போட்டு, பின் ஃப்ளேஞ்சை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க, முன் அவுட்புட்டை முன்னும் பின்னும் திருப்புங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆனால் திருப்பும்போது உள்ளே செயின் 'லொட்' என்று தொங்கி விழும் சத்தம் வந்தால் செயின் நீண்டுவிட்டது. மூடியைத் திறக்க விட்டால் அலுமினிய உடலின் உள்சுவரைப் பாருங்கள். செயின் உரசிய பளபளப்பான கோடுகள் இருந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் எல்லாமே மாற்ற வேண்டிய பெட்டி அது. பம்ப் உள்ள பெட்டிகளில் பம்பின் கால்கள் பின்மூடியை அரித்து மெலிய வைத்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் ஓட்டத்திலேயே ஆயில் காலியாகும்.

காசிமேடு, கோவளம் பக்கம் படகு இழுத்த வண்டியின் பெட்டி என்றால் போல்ட் துளைகளைப் பாருங்கள். அலுமினியமும் இரும்புப் போல்ட்டும் உப்பில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து, போல்ட்டைக் கழற்றும்போது மரையே பெயர்ந்து வரும். ஒன்றிரண்டு துளைகளுக்கு ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம். முகப்பு முழுக்க அப்படி என்றால் வேண்டாம்.

விலை பேசும்போது லீவர், ஃப்ளேஞ்ச், ஃப்ளேஞ்ச் நட், ஸ்பீடோ கியர், மவுண்ட் பிராக்கெட் எல்லாம் சேர்த்துத்தான் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடுவது பெரும் அலைச்சல். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் கழட்டுச் சாமான் வாங்காதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வி நாளைக்கு எழுந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதே வகைப் பெட்டியை மாற்றுவதால் ஆர்.சி.யில் எதுவும் மாறாது. வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும்; ஆர்டிஓ-விடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாங்குவதா, பழசையே பிரித்துச் செய்வதா?

உடல் உடையாமல், பற்கள் முழுசாக இருந்து, கெட்டது பேரிங்கும் சீலும் ஃபோர்க் பேடும் மட்டும் என்றால் பழசையே செய்யுங்கள். அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். வாங்கும் பெட்டியின் சரித்திரம் தெரியாது. பேரிங்கை வண்டிப் பெயர் சொல்லி வாங்காமல், விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிப் பாரிமுனை பேரிங் கடைகளில் வாங்குங்கள். சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்ற மூன்று எண்கள் போதும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பிளானட்டரியும் சேர்ந்து போயிருந்தால் கணக்கு மாறும். அப்போது நல்ல கழட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, ஏற்றுவதற்கு முன்பே அதில் எல்லாச் சீலையும் பின் பேரிங்கையும் புதிதாகப் போடுவதுதான் எங்கள் தேர்வு. கீழே இருக்கும்போது அரை நாள் வேலை. ஏற்றிய பிறகு கசிந்தால் மறுபடி முழுக்க இறக்க வேண்டும்.

ஏற்றும்போது

பெட்டி நல்ல கனம், வார்ப்பிரும்பு என்றால் இன்னும் கனம். மார்பில் தாங்கி ஏற்றாதீர்கள், ஜாக்கியில் கட்டி ஏற்றுங்கள். கியர் பெட்டியின் பின் சீலை இப்போதே மாற்றுங்கள். அது போனால் ஒரு பெட்டியின் ஆயில் இன்னொன்றுக்குள் போய்விடும்: கியர் பெட்டி வறண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் நிரம்பி வழியும். முகப்பு கையாலேயே முழுதாக உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் வெளியே எடுத்து ஸ்ப்லைன் நேராக இருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஏற்றுங்கள். சிலிகான் மெல்லிய கோடாகப் போதும். அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, செயின் வகையில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

ஆயில் விஷயத்தில் ஊகம் வேண்டாம். பல் சக்கரப் பெட்டிக்கு 90 கிரேடு கியர் ஆயில். ஜிப்சி வகைக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, சுமார் 0.8 லிட்டர். செயின் பெட்டிகள் பெரும்பாலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான மெல்லிய ஆயில்) கேட்கும். அதில் 90 ஆயிலை ஊற்றினால் கெட்டியாகி, பம்ப் உறிஞ்சாமல் மேல் பேரிங்குகள் காயும். லிட்டர் கணக்கு வழிகாட்டி மட்டுமே; வண்டி சமதளத்தில் நிற்க, ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வருவதுதான் அளவு. பிரீதர் குழாயை மாற்றி, ஹோஸை இன்ஜின் அறையில் உயரமான இடத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். நம் ஊர் மழைக்கு இந்தச் சின்ன வேலை ஒரு பெட்டியையே மிச்சப்படுத்தும்.

முதல் ஓட்டம் டூ வீலில், பத்து கிலோமீட்டர். நிறுத்திப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமோ ஆயில் குறைவோ. சீல்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். ஃபோர் வீலையும் லோவையும் மண்ணிலோ மணலிலோ மட்டும் சோதியுங்கள்; காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் நல்ல பெட்டியும் முறுக்கிக்கொண்டு லீவர் சிக்கும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை இறக்கி, காந்தத்தைத் துடைத்துப் பார்த்து, மவுண்ட், ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு இறுக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.